ஓ.எம்.ஆர். தாளின் ஓரத்தில்

நாகர்கோவிலில் ஒரு பயிற்சி வகுப்பு. மாதிரி வினாத்தாள். கேள்வி: தோள்சீலைப் போராட்டம் நடந்த ஆண்டு எது? (அ) 1822 (ஆ) 1829 (இ) 1858 (ஈ) 1859.

விடைக்குறிப்பில் ஈ.

1822 மே மாதம், மேலே துணி போட்டதற்காகப் பொது இடத்தில் நாடார் பெண்களைத் தாக்கினார்கள். 1829-ல், நாடார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாது என்று திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு. 1858 அக்டோபர், சந்தையில் வைத்துத் துணியை உரிந்தார்கள். வீடுகளில் கொள்ளை. தேவாலயங்களுக்குத் தீ. 1859 ஜூலை, அனுமதி ஆணை.

"டீச்சர், நாலும் சரிதான? எத ஷேட் பண்ண?"

1822-ல் அடிபட்டவளுக்கு 1859-க்குள் பேத்தி பிறந்திருப்பாள்.

அந்த 1859 ஆணையை ஒருதரம் நிதானமாக வாசிக்க வேண்டும். குப்பாயம், அதாவது ரவிக்கை, போடலாம். முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

இது வெற்றியா? ஆம், இல்லை என்று இரண்டு வட்டம் கொடுத்தால் எதைக் கறுப்பாக்குவது?

வழக்கமாக வரும் மற்ற கேள்விகள்: ஆணையைப் பிறப்பித்த மன்னர் யார்? உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. நெருக்கடி கொடுத்த சென்னை ஆளுநர்? சார்லஸ் ட்ரெவெல்யன். மதம் மாறிய பெண்கள் குப்பாயம் போடலாம் என்று முன்பே உத்தரவிட்ட பிரிட்டிஷ் ரெசிடென்ட்? கர்னல் மன்றோ.

பெண்கள் நடத்திய போராட்டம். மூன்று விடையிலும் ஆண் பெயர்கள். என் கைக்கு வந்த எந்த வினாத்தாளிலும் இது மாறவில்லை.

2016 டிசம்பர். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் போராட்டம் வரும் பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி கேட்கக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை. பாடம் புத்தகத்தில் இருந்தது. கேள்விதான் இல்லை. 2019-ல் என்.சி.இ.ஆர்.டி. அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது.

கேள்வி வராத பாடத்தை யார் நடத்துவார்கள்? 2019-ல் கிழித்த தாள், கேள்வி போன அன்றே போய்விட்டது.

யு.ஜி.சி. நெட் தேர்வுப் பாடப்பட்டியலில் மகளிரியல் உண்டு. சமூகவியலும் உண்டு. மூன்றாம் தாள் ஒரு காலத்தில் கையால் எழுதும் தாளாக இருந்தது. 2012 ஜூனிலிருந்து அதுவும் கொள்குறி வகை. 2018-ல் மூன்று தாள் இரண்டாகச் சுருங்கியது. இப்போது மூன்று மணி நேரம், 150 கேள்வி.

ஒரு கேள்விக்கு 72 விநாடி.

கேள்வி: வெட்டும் பாதைகள் போல ஒடுக்குமுறைகள் ஒருவர் மேல் சேர்ந்து விழுவதைச் சொல்லும் கருத்துக்குப் பெயர் வைத்தவர் யார்? கிம்பர்லே கிரென்ஷா. 1989. இரண்டு மதிப்பெண்.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துப் பேசும் வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல் கறுப்பினப் பெண்கள் போட்டது. இனப் பாகுபாடு என்று வாதாடு, இல்லை பெண் பாகுபாடு என்று வாதாடு, இரண்டையும் சேர்த்து ஒரே வழக்காக்க முடியாது என்றது நீதிமன்றம். அ அல்லது ஆ.

1858-ல் சந்தையில் நின்ற பெண்ணிடம், எதற்காகத் தாக்கினார்கள் என்று கேட்டால்? (அ) சாதி (ஆ) மதம் (இ) பாலினம் (ஈ) பிழைப்பு.

1855-ல்தான் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கும் சந்தைக் கலவரத்துக்கும் நடுவே மூன்றே வருஷம். காலவரிசைக் கேள்வியில் இரண்டும் அடுத்தடுத்து வரும். ஏன் அடுத்தடுத்து என்று யாரும் கேட்பதில்லை.

கூற்று–காரணம் வகை. 'கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் கூற்றுக்கு அது சரியான விளக்கமல்ல.' இந்த ஒன்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்குள் ஒரு சிந்தனை இருக்கிறது. எப்படி விளக்கமல்ல என்று எழுத இடம் கொடுத்திருந்தால்.

நாஞ்சில்நாட்டு வேளாளர் மருமக்கள்வழி. 'தாய்வழிச் சொத்துரிமை பெண்ணுக்கு உயர்ந்த நிலை கொடுத்தது.' சரியா, தவறா?

பிறந்த வீட்டில் வம்சம் அவள் வழியாக. புகுந்த வீட்டில் புருஷன் செத்த அன்று சொத்து அவன் சகோதரி மகனுக்கு. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு பங்கு. அதுவும் கேட்டுக் கேட்டு, வழக்காடி. சகோதரியாக இருப்பவளும் மனைவியாக இருப்பவளும் ஒரே பெண்தான்.

கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதியபோது கதையை யார் வாயில் வைத்தார்? காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி வாயில். மருமகன் சொல்லியிருந்தால் வேறு கதை. காரணவர் சொல்லியிருந்தால் வேறு. 1926-ல் திருவிதாங்கூரில் வேளாளர் சட்டம் வந்தது. தேர்வில் கேட்பது: மான்மியத்தின் ஆசிரியர் யார்?

கெட்டிக்காரப் பிள்ளைகள் கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே ஷேட் செய்துவிடுகிறார்கள். கேள்வியின் வாலைப் பார்த்தாலே போதும்.

தமிழ்நாட்டில் எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம்? கன்னியாகுமரி. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். எங்கள் பிள்ளைகளுக்கு இது இலவச மதிப்பெண். ஆயிரம் ஆணுக்கு 1,019 பெண். அதுவும் இலவசம்.

அதே மாவட்டத்தில் எம்.எஸ்ஸி. படித்த பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது முதல் கேள்வி, எத்தனை பவுன்.

விண்ணப்பப் படிவம். தாயின் தொழில்: 'இல்லத்தரசி' என்று நிரப்பியிருந்தாள் ஒருத்தி. அவள் அம்மா விடிவதற்கு முன் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, சுமந்து, வீடுவீடாக விற்கிறாள். "அது வேலையா டீச்சர்? அம்மா சும்மா மீனு விக்கப் போறா."

2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு: கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். இந்த எண்ணும் இனி கேள்வியாக வரும். 299 என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை, மனப்பாடத்தை முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள்.

ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. உடல் கிடைக்காதவர்களின் மனைவிகள். அரசுப் படிவத்தில்: திருமணமானவர், விதவை. எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம்.

எந்தத் தேர்வாணையமும் எழுதாத கேள்வி இது. அவர்கள் எழுதினாலும் நான் பயப்படுவேன்.

டி.என்.பி.எஸ்.சி. தாளில் ஐந்தாவது வட்டம் உண்டு. விடை தெரியவில்லை. தெரியாது என்பதையும் கறுப்பாக்கித்தான் சொல்ல வேண்டும். தெரியும், ஆனால் உங்கள் நாலில் இல்லை என்பதற்கு வட்டம் இல்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1914–15-ல் அமெரிக்காவின் கான்சாஸில் ஃபிரெடரிக் கெல்லி மௌன வாசிப்புக்கு ஒரு தேர்வு செய்தார். திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறக் கூடாது என்பது நோக்கம். பிறகு 1917-ல் ராணுவத்தில் சேர்ந்தவர்களைத் தரம் பிரிக்கும் தேர்வு. 1938-ல் ஐ.பி.எம். இயந்திரமே திருத்த ஆரம்பித்தது.

அந்த நோக்கத்தைத் தள்ளிவிட முடியவில்லை. ஓ.எம்.ஆர். தாள் கையெழுத்தைப் பார்க்காது. ஊரைப் பார்க்காது. பெயரை வைத்துச் சாதி கணிக்காது. நேர்முகத் தேர்வில் அப்பா பெயரைக் கேட்டதும் முகம் மாறியதைப் பார்த்த பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்கள் வட்டத்தைத்தான் நம்புகிறார்கள். நம்பட்டும்.

ஆனால் நெட் சமூகவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பாட்டி சொன்ன கதையைத் தமிழில் கேட்டவள், ஆங்கிலத்தில் விடையைத் தேர்வு செய்ய வேண்டும்.

வகுப்பில் கொடுத்த கேள்வி. தேர்வுக்கு இல்லை. 'உங்கள் வீட்டு நிலம் யார் பேரில் இருக்கிறது? அது எப்படி வந்தது? வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணிடம் கேட்டு எழுது.'

ஒருத்தி: பத்திரம் அம்மா பேரில். பத்திரம் இருக்கும் பெட்டியின் சாவி மாமாவிடம்.

ஒருத்தி: நிலம் இல்லை. கடல் யார் பேரிலும் இல்லை. வள்ளம் அப்பா பேரில். வள்ளத்துக்கு வாங்கிய கடன் அம்மா பேரில், மகளிர் குழுவில்.

ஒருத்தி: பாட்டி முதலில் பேசவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்று சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

மூன்று ஆசிரியர்கள் திருத்தினால் இதற்கு மூன்று மதிப்பெண் வரும். வரட்டும். மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஏன் பன்னிரண்டு, ஏன் பதினேழு என்று சண்டை போடட்டும். அதற்கு ஆகும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கட்டும் பல்கலைக்கழகம்.

வள்ளக் கடன் எழுதியவளிடம் கேட்க மறந்தது: தவணை கட்டத் தவறினால் குழுவிலிருந்து யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள்? அப்பா அப்போது வீட்டில் இருப்பாரா?