ஏரிக்கரையில் ஒரு தீராத வழக்கு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துப் பக்கம் போக நேர்ந்தால் க்ளீவ்லாந்து நகரத்தில் ஒரு நாள் இறங்கிவிட்டு வாருங்கள். அங்கே ஈரி ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயர்தான்; எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அதன் கரையில், காற்று தலைத் தொப்பியைப் பறிக்கப் பார்க்கும் இடத்தில், கூடாரம் போலச் சாய்ந்த பெரிய கண்ணாடிக் கட்டடமும் அதன் பின்னால் 162 அடிக் கோபுரமும் நிற்கும். அதுதான் ராக் அண்டு ரோல் கீர்த்தி மண்டபம். 1995-ல் திறந்தார்கள். பாரிஸில் லூவர் மாளிகை முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடு எழுப்பினாரே ஐ. எம். பெய், அவருடைய கைவண்ணம். அவருக்கோ இந்தச் சங்கீதம் பழக்கமே இல்லையாம்!

மண்டபம் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 'ராக் அண்டு ரோல்' என்ற பெயரை வானொலியில் சொல்லிச் சொல்லிப் பரப்பிய ஆலன் ஃப்ரீட் இங்கேதான் வேலை பார்த்தார். 1952 மார்ச்சில் அவர் நடத்திய கச்சேரிக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம். கலவரமாகிவிடுமென்று பயந்து ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார்கள்!

உள்ளே கிதார்களையும் ஜிகினா உடுப்புகளையும் பாருங்கள். அதோடு பக்கத்தில் நிற்பவர்களின் பேச்சுக்கும் கொஞ்சம் காது கொடுங்கள். "இவர்களுக்கு இடம் உண்டு, எங்கள் கோஷ்டிக்கு இல்லையா?" என்ற சண்டை ஓயாது. முதல் இசைத்தட்டு வெளியாகி 25 வருஷம் ஆனவர்களுக்கே தகுதி. ஒரு குழு பெயர்களைப் பொறுக்கும். துறையைச் சேர்ந்த வாக்காளர்கள் முடிவு செய்வார்கள். 2012 முதல் ரசிகர்களுக்கும் வாக்கு உண்டு. ஆனால் அதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள்: எத்தனை லட்சம் பேர் வாக்களித்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு சீட்டுக்குத்தான் சமானம்!

25 வருஷம் காத்திருக்கச் சொல்வது நியாயமே. காலம் சலித்தெடுக்கட்டும். அதற்கு மேலும் இழுத்தடிப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. கானடா நாட்டு ரஷ் கோஷ்டி, தகுதி வந்த பிறகும் சுமார் பதினைந்து வருஷம் வாசலில் நின்றது. 2013-ல் ஒரு வழியாக அழைத்தபோது, அதன் கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்ஸன் மேடையேறி, 'ப்ளா, ப்ளா' என்று மட்டுமே சொல்லி முழுப் பிரசங்கமும் செய்து முடித்தார். கை ஆட்டலிலும் முகபாவத்திலும் மொத்தக் கதையும் புரிந்து சபை சிரித்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் கோஷ்டியோ 2006-ல் இந்தக் கௌரவமே வேண்டாமென்று வர மறுத்துவிட்டது.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. இங்கிலாந்தின் 'யெஸ்' கோஷ்டியின் முதல் இசைத்தட்டுத் தொகுப்பு 1969-ல் வந்தது. அதில் பாஸ் கிதார் வாசித்த கிறிஸ் ஸ்கொயர், 2015-ல் தாம் காலமாகும் வரை அதன் ஒவ்வொரு தொகுப்பிலும் வாசித்தவர். யெஸ்ஸுக்கு அழைப்பு வந்தது 2017-ல். அந்த மேடையில் அவருடைய இடத்தில் நின்று வாசித்தவர் யார் தெரியுமா? ரஷ் கோஷ்டியின் கெடி லீ!

அடுத்த வருஷம் 'மூடி ப்ளூஸ்' முறை. 2017 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதன் புல்லாங்குழல் கலைஞர் ரே தாமஸ் 2018 ஜனவரியில் காலமானார். விழா ஏப்ரலில், இதே க்ளீவ்லாந்தில் நடந்தது.