மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் 1-ஐக் கழித்தால் இந்த எண். 21 இலக்கம். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். எந்தத் தைரியத்தில் சேர்த்தாரோ! 1876-இல் எதுவார் லூகா, இது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடம்தான். காரணியைக் காட்டாமல் எப்படிச் சொல்ல முடியும்? அவருடைய வழியின் இன்றைய வடிவம் ரொம்ப எளிது. 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, நம்முடைய பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4, 14, 194... இப்படி 65 முறை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வரலைன்னா இல்லை, அவ்வளவுதான். எங்கே உடையும் என்று அது சொல்லாது.

அப்பாவின் கடைசி வருடத்தில் அப்படி ஒரு ரிப்போர்ட் எங்கள் வீட்டிலும் இருந்தது. ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு ஏறியிருந்தது. "ஏதோ இருக்கு, என்னன்னு இன்னும் பிடிபடல" என்றார் டாக்டர். எட்டு மாதம் அதையே சொன்னார். அம்மா அந்தத் தாளை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அப்பா மட்டும் வழக்கம்போல பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த எண்ணுக்கு 27 வருடம் ஆனது. 1903 அக்டோபரில், நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையைக் கொடுத்தார்: 193707721 × 761838257287. வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார், அரங்கமே கைதட்டியது என்று இ. டி. பெல் எழுதினார். எவ்வளவு நாள் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் கதைக்குக் கொஞ்சம் மெருகு போடுகிற ஆள். ஆனால் பெருக்கல் நிஜம். காகிதத்தில் நானும் போட்டுப் பார்த்தேன்: 108 சின்னப் பெருக்கல்கள், ஒரு நீளக் கூட்டல், ஒரு மதியம்.

கண்டுபிடிப்பது வேறு கதை. இந்த எண்ணின் காரணி எதுவானாலும், 134-இன் ஏதாவது ஒரு மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். கோலின் சிறிய காரணி அந்த வரிசையில் 1445580-ஆவது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க அவருக்கு ஆயுள் போதாது; சல்லடை போட்டுப் பலவற்றை முன்கூட்டியே ஒதுக்கினார்.

இன்று என் போன் இதைக் கண்சிமிட்டும் நேரத்தில் உடைத்துவிடும். 67-க்குப் பதில் 1277 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்துப் பாருங்கள். 385 இலக்கம். அது பகா எண் இல்லை என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஒரு காரணிகூட இன்னும் கிடைக்கவில்லை.