ஐந்து சென்டிமீட்டர்

திருமணம் முடிந்து ஏழு மாதம் கழித்து மணப்பெண் போன் செய்தார். ஆல்பத்தில் ஏதோ குறை சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணே, பெரியம்மா தவறிட்டாங்க. பேப்பர்ல அறிவிப்பு போடணும், வீட்டுல மாட்டவும் ஒரு படம் வேணும். எங்க போன்ல உள்ளதெல்லாம் சரியா இல்ல. உங்ககிட்ட நல்லதா ஒன்னு இருக்கும்தானே?”

“கண்டிப்பா இருக்கும்மா” என்றேன். நலங்கிலிருந்து வரவேற்பு வரை 3,100 படங்கள் எடுத்திருந்தேன். இல்லாமல் எங்கே போகும்?

நான் எடுப்பது ‘கேண்டிட்’ பாணி. யாரையும் நிற்கச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதில்லை. தாலி ஏறும்போது பெண்ணின் கண்ணில் நீர் கோக்கும் நொடி, மெட்டி போடும்போது மாப்பிள்ளைக்கு வரும் வெட்கம், தூங்கி வழியும் தவில்காரர். வாடிக்கையாளர்களிடம் “நாங்க கதை சொல்றோம்” என்பேன். பாதிக் காசு அந்த வசனத்துக்குத்தான். பிரி-வெட்டிங் என்றால் கேமரன் மலைத் தேயிலைச் சரிவு, செகிஞ்சான் வயல், 2018-இல் வண்ணம் அடித்த பிறகு பத்துமலையின் 272 படிகள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே படம், ஜோடி மட்டும் மாறும்.

தொழில் கற்றது கிள்ளானில் ஒரு பழைய ஸ்டூடியோவில். முதலாளியை மாமா என்றுதான் கூப்பிடுவோம். 120 ஃபிலிமில் சதுரப் படம் எடுத்துப் பழகியவர். ஒரு சுருளுக்கு 12 படம். டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் பட்டனை அழுத்துவார். தாலி கட்டி முடிந்ததும் மேடைக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். “பொண்ணோட தாய்மாமன் குடும்பம் வாங்க. அடுத்து அத்தை வீடு. புள்ளைங்கெல்லாம் முன்னால உட்காருங்க.” ஒரு மணி நேரத்துக்கு இதுவே நடக்கும். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரும் பள்ளி வகுப்புப் படம்போல் விறைத்து நிற்பார்கள். குடை விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

“தூணுக்குப் பின்னால நிக்கிறாங்களே, அந்தம்மா யாரு? கூட்டிட்டு வா” என்று என்னை அனுப்புவார். போனால் “நான் எதுக்குப்பா, வேணாம்” என்பார்கள். பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள். மாமா விடமாட்டார். அவர்கள் வந்து வரிசையில் நிற்கும்வரை ஸ்டூலிலேயே நிற்பார், சாப்பாட்டுப் பந்தி தாமதமானாலும் சரி.

தனியாகத் தொழில் தொடங்கியபோது நான் முதலில் விட்டொழித்தது அந்த ஸ்டூலைத்தான்.

பதிலுக்கு 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். துளையை 1.4-க்குத் திறந்து 2 மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தைப் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். கண் கூர்மையாக இருக்கும், காது கரையத் தொடங்கிவிடும். பின்னாலிருக்கும் விளக்குச் சரம் பொன் வட்டங்களாகும். பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் மின்விசிறி, யாரோ மாட்டிவிட்டுப் போன பேனர் எல்லாம் ஒரே நிறக்குழம்பு. தாமான் பாலாய்ராயாகூட ஹோட்டல்போல் தெரியும். மக்களுக்கு அது பிடித்தது. எனக்கும் பிடிக்கும், இப்போதும்.

அன்றிரவு பெரியம்மாவைத் தேட உட்கார்ந்தேன். அவரை நினைவிருந்தது. பெண்ணின் அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்த காலத்தில் பிள்ளையை வளர்த்தது அவர்தான் என்று நலங்கன்று யாரோ சொல்லியிருந்தார்கள். கல்யாணத்தன்று ஊதாச் சேலை. அந்த நிறத்தை வைத்துத் தேடினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் இருந்தார். பெண் அழும் படத்தில் தோளுக்குப் பின்னால் ஒரு ஊதாக் கறை. பந்தியில் பாயசம் ஊற்றும் ஒரு கை, வளையல் இல்லாதது. தாலி ஏறும் படத்தில் தூரத்தில், தூணோரம். பெரிதாக்கிப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ இருந்தது. அவர் தள்ளி நின்றது ஊர் வழக்கம். மீதியை என் லென்ஸ் பார்த்துக்கொண்டது.

கடைசியில் கழித்துப்போட்ட கோப்புகளைத் திறந்தேன். அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது சோம்பலால் மட்டுமே. விடியற்காலை 5.40-க்கு எடுத்தவை. முகூர்த்தத்துக்கு முன்னால் பிளாஷைச் சரிபார்க்க யாராவது மேடையில் நிற்க வேண்டும். மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் “அம்மா, கொஞ்சம் அப்படியே நில்லுங்க” என்று சொல்லியிருக்கிறேன். முதல் படத்தில் துணியும் கையுமாக நிற்கிறார். இரண்டாவதில் துணியைக் காணோம். முந்தானையை இழுத்துவிட்டு, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, மாமாவின் படங்களில் நிற்பார்களே, அதேபோல் நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறார். தன்னைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். துளை 8. தலை முதல் கால் வரை தெளிவு. நான் திரையில் வெளிச்ச அளவை மட்டும் பார்த்துவிட்டு “ஓகேம்மா” என்று திரும்பியிருப்பேன். அவருக்குப் படத்தைக் காட்டியிருக்க மாட்டேன்.

பிளாஷ் கூடிப்போய் முகம் வெளிறியிருந்தது. ரா கோப்பு என்பதால் குறைக்க முடிந்தது. கன்னம், கண், மூக்குத்தி கழற்றிய துளை எல்லாம் மெல்லத் திரும்பின. நெற்றி மட்டும் முழுசாக வரவில்லை. விபூதி எங்கே முடிகிறது, எரிந்துபோன வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அனுப்பி வைத்தேன். “எவ்ளோ அழகா எடுத்திருக்கீங்கண்ணே. பெரியம்மா இப்படி நின்னு நாங்க பார்த்ததே இல்ல” என்று குரல்பதிவு வந்தது. அது வெளிச்சச் சோதனை என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதும் கேண்டிட்தான் எடுக்கிறேன். “வரிசைப் படம் மட்டும் வேணாம்ணே, போர்” என்று ஜோடிகள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சரி என்கிறேன். ஆனால் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுகிறேன். கோலம் போடுகிறவர், வெற்றிலை அடுக்குகிறவர், நாற்காலிக்கு உறை மாட்டுகிறவர் என்று ஒவ்வொருவராக, “லைட் பார்க்கணும், கொஞ்சம் நில்லுங்க” என்கிறேன். முதல் படம் எப்போதும் துணியும் கையுமாகத்தான் இருக்கும். இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன்.

போன மாதம் ரவாங்கில் ஒரு பாட்டி, “முடிஞ்சிருச்சா? காட்டு” என்று கேமராவைப் பிடுங்காத குறை. திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “கண்ண மூடிட்டேன். இன்னொன்னு எடு” என்றார்.