கிழக்குக் கடல் தாண்டி – 5: சூலியா தெருவில் எத்தனை பேர்?

போன வாரம் பட்டர்வொர்த் துறையில் நிறுத்தியிருந்தேன். அங்கே ஃபெரி ஏறினால் சிறிது நேரத்தில் பினாங்குத் தீவு. இறங்கிக் கடலோரச் சாலையான வெல்ட் கீயைக் கடந்து கொஞ்சம் நடந்தால் ‘காட் லெபு சூலியா’ என்று ஒரு பெயர்ப்பலகை. லெபு என்றால் தெரு. காட் என்பது வடக்கே கங்கைக்கரையில் படித்துறைக்குச் சொல்கிற அதே சொல். ஆனால் நான் நின்ற இடத்தில் படியும் இல்லை, துறையும் இல்லை. கடலைத் தூர்த்து இந்தக் கரையை எழுப்பியது 1880களில். அதற்கு முன்னால் நம்மவர்கள் வந்து இறங்கியது உள்ளே தள்ளி இருக்கும் பீச் தெருவில். பெயருக்கு ஏற்றபடி அதுதான் அன்றைய கடற்கரை.

சூலியா தெரு அங்கிருந்து மேற்கே கிளம்பி, பினாங்குத் தெரு, கிங் தெரு, குவீன் தெரு எல்லாம் வந்து சேர்வதை வாங்கிக்கொண்டு, பிட் தெருவைத் தாண்டி, பினாங்கு ரோட்டில் போய் முடிகிறது. கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். எனக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது.

1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கி நான்கைந்து நேர்க்கோடுகளாகப் போட்ட ஊர் இது. அந்தக் கோடுகளில் ஒன்றான இந்தத் தெருவுக்கு முதலில் மலபார் தெரு என்று பெயர். தமிழனையும் மலபாரி என்றே வெள்ளைக்காரன் எழுதிய காலம் அது. பிறகு சூலியா என்று மாறியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தப் பக்கத்தில் வழங்கிய பெயர் சூலியா. சோழியர் என்பதன் திரிபு என்பார்கள். லைட் தன் கடைசி ஆண்டுகளில் எழுதிய கணக்கில், சூலியாக்கள் ஆயிரம் பேர் அளவில் இங்கே குடியிருக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடு. இது போக, ஆண்டுதோறும் கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து, வியாபாரமோ கூலி வேலையோ செய்து நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்தில் வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று இருக்கிறது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு. நாகப்பட்டினம் பக்கத்துக்காரனான எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. எங்கள் தெருவிலும் பாதி வீடுகள் அப்படித்தான் இருந்தன: ஆள் அக்கரையில், அடுப்பு இக்கரையில்.

கிங் தெரு முக்கில் நாகூர் தர்கா. 1800களின் தொடக்கத்தில் எழுந்தது. ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது அவர் நினைவுக்கான தலம். நாகூரின் ஐந்து மனோராக்களையும் அண்ணாந்து பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது கைக்குள் அடங்கும் கட்டடம். ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஊர் வாடை அடித்ததாகவே தோன்றியது. இந்தச் சுவரோரத்தில்தான் சொங்கோ எனும் வெல்வெட் தொப்பி தைக்கும் தொழில் வெகுகாலம் நடந்திருக்கிறது. மலாய்க்காரர் தலைக்குத் தமிழர் கை தைத்த தொப்பி.

பிட் தெரு முக்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் ஆங்கிலேயர் கொடுத்த 18 ஏக்கர் நிலத்தில் காதர் முகைதீன் நிறுவியது. சூலியாக்களின் தலைவராக, ‘கப்பித்தான்’ ஆக ஏற்கப்பட்டவர் அவர். கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல். இன்று ஒரு தமிழனை அப்படிக் கூப்பிட்டால் வசை. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய மரியாதையோடு நிற்கிறது. அந்த 18 ஏக்கரில் ஒரு குடியிருப்பே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அறக்கட்டளைச் சொத்துகளைப் பார்க்க அரசு ஒரு வாரியம் அமைத்தபின், பள்ளிவாசலைச் சுற்றி நெருங்கியிருந்த வீடுகளை எடுத்துவிட்டுப் புதுத் தெருக்கள் போட்டார்கள். கூ சல்மா நசுத்தியோன் பினாங்குச் சூலியாக்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் இந்தப் பள்ளிவாசலை மையமாக வைத்தே விரிகிறது. இந்த ஊருக்கு வருகிற தமிழர்கள் அதைப் படித்துவிட்டு வரவேண்டும்.

சூலியா தெருவில் எத்தனை சூலியாக்கள் என்று எண்ணப் புறப்பட்டால் தலை சுற்றும். 1871 குடிக்கணக்கில் ‘கிளிங்’ ஒரு பத்தி, ‘ஜாவி பெக்கான்’ இன்னொரு பத்தி. தகப்பன் தமிழ் முஸ்லிம், தாய் மலாய் என்றால் பிள்ளை இரண்டாவது பத்திக்குப் போய்விடும். ஒரே வீட்டுக்குள் இரண்டு இனம். நாடு விடுதலை பெற்றபின் கதை வேறு மாதிரி ஆனது. அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைத் தழுவி, மலாய் பேசி, மலாய் வழக்கத்தைப் பின்பற்றுபவரை மலாய்க்காரர் என்கிறது. பல குடும்பங்கள் அந்த வாசல் வழியாக உள்ளே போய்விட்டன. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கெடுப்புத் தாளில் குறைகிற ஒவ்வொரு எண்ணும் செத்தவரோ ஊரைவிட்டுப் போனவரோ அல்ல என்பதை மறக்கக்கூடாது.

அஞ்சடியில் (கடைவீடுகளின் முன்னால் ஓடும் நிழல்நடைக்கு இங்கே தமிழர் சொல்லும் பெயர்) நடந்து, ஒரு நாணயமாற்றுக் கடை முன் நின்றேன். பெரியவர் நோட்டை எண்ணிக்கொண்டே, “ஊர்லேர்ந்து வாறீங்களா தம்பி?” என்றார். அவருடைய வாப்பா கடையநல்லூரிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஐம்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட ஓடிய கப்பல் அது. நான் நாகப்பட்டினம் என்றதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“பாய், நீங்க இந்த மாடியிலதான் இருக்கீங்களா?”

“இருந்தோம். ஒன்பது பேர். இப்ப மேலே ஹோட்டல் ரூம். ராத்திரி இந்தத் தெருவுல தூங்குறது வெள்ளக்காரப் பிள்ளைங்கதான் தம்பி.”

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகை ஏறாமல் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிடித்துவைத்திருந்தது. 1999 முடிவோடு அந்தப் பிடி தளர்ந்தது. வாடகை ஒரே தாவாகத் தாவ, காலங்காலமாகக் குடியிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு வந்தது. குடியிருப்பவர்கள் திரும்பி வரவில்லை. பாரம்பரிய எல்லைக்குள் 259 ஹெக்டேர் நிலம். அதில் 2009இல் 10,000 பேருக்குக் கொஞ்சம் கூடுதல். நான்கே ஆண்டில் அது 9,500க்கும் கீழே இறங்கியது. பினாங்கு மாநில மக்கள்தொகையோ 2020இல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாநிலம் பெருக, அது பிறந்த தெருக்கள் காலியாகின்றன. ஓடு, மரச்சன்னல், வளைவு எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காப்பாற்றியவர்கள், மாடியில் தொட்டில் கட்டியிருந்தவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மஃரிப் பாங்கு கேட்டதும் பெரியவர் கடையைச் சாத்தினார். தொழுதுவிட்டு வந்தவரோடு நானும் நடந்தேன். வழியெல்லாம் தள்ளுவண்டிகளில் நூடுல்ஸ் கொதிக்க ஆரம்பித்திருந்தது. மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். துணி காய்ந்த சன்னல் ஒன்றே ஒன்று. “அது யார் வீடு?” என்றேன். “சீனக் கிழவி. தனியா இருக்கா. அவ பையன் எங்க பக்கத்து அடுக்குமாடியில இருக்கான்” என்றார்.

தீவின் தெற்கே பாயான் பாருவில் இருக்கிறது அவர் வீடு. பேருந்து வந்தது. “நாளைக்கு வாங்க, வீட்டுல எல்லாரையும் பார்க்கலாம்” என்று ஏறிக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் பேருந்தில் நானும் ஏறுகிறேன்.