மூக்கு ரோஸா, கறுப்பா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். அளவு கொஞ்சம் தவறினாலும் பீஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போனபோதும் அதே கண்தான். பால் வெள்ளை உடம்பு, நீண்ட கால், ஒட்டிய வயிறு, ரோஸ் மூக்கு. ஒரு கறுப்புப் புள்ளிகூட இருக்கக் கூடாது.

"மூக்கைப் பாருங்க, அசல் ஜாதிங்க" என்று விற்றவர் நீட்டிய குட்டிக்கு ஒரு கண் நீலம். மகளுக்கு அதுதான் பிடித்தது.

பத்து நாள் கழித்து மகள்தான் கவனித்தாள். கேட் திறந்தாலும் குட்டி எழுவதில்லை. பின்னால் போய் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். அது தூங்கிக்கொண்டே இருந்தது.

"அப்பா, இதுக்குக் காது கேக்கலை."

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நிறமி செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை வாங்கும் நுண்ணிய செல்கள் அழிந்துவிடும். நீலக் கண் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். புள்ளி போட்ட டால்மேஷியனிலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் பரிசோதித்தவற்றில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ, இரண்டுமோ கேட்கவில்லை.

ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போன இனம். 2005-ல் தபால்தலையிலும் வந்தது. காவல் நாய்க்குக் காதைவிட மூக்கின் நிறமா முக்கியம்? கறுப்பு மூக்கு என்றாலே கலப்பு என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். பனியனுக்கே மெஷர்மென்ட் சார்ட்டில் டாலரன்ஸ் உண்டே!

அதற்காக வெள்ளை நாயே வேண்டாம் என்பதில்லை. ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியரைப் பாருங்கள். உயரம் சுமார் 28 சென்டிமீட்டர்தான். உடம்பு முழுக்க வெள்ளை. ஆனால் மூக்கு கறுப்பாகவும் கண் கருமையாகவும் இருக்க வேண்டும் என்பது அந்த இனத்தின் விதி. முடிதான் வெள்ளை, தோலில் நிறமி இருக்கிறது. கர்னல் மால்கம் என்பவர் தன் செம்பழுப்பு நாயை நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டாராம். அதன் பிறகு வெள்ளையை மட்டுமே வளர்த்தாராம். கதையாகவும் இருக்கலாம். ஆனால் புதருக்குள் பளிச்சென்று தெரியும் நிறத்துக்கு வேட்டையில் ஒரு வேலை இருந்தது.

குட்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். கூட்டமாக இருக்கும்போது கேட்காத குட்டியும் மற்றதைப் பார்த்து ஓடும், குறை தெரியாது. ஐந்து வாரமாவது ஆன குட்டியைத் தனியே கொண்டுபோய், அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசைகிறதா என்று பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு 'பேயர்' என்ற பரிசோதனை இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தாய், தகப்பன் நாய்களுக்குக் காது கேட்கிறதா என்றும் விசாரியுங்கள். கேட்காத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

வாங்கிவிட்டோம், இனி என்ன என்கிறீர்களா? கைச்சைகையில் அழகாகப் பழகிக்கொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கக்கூடும், அதனால் முன்னால் போய் எழுப்புங்கள். தெருவில் மட்டும் சங்கிலி இல்லாமல் விடவே விடாதீர்கள். லாரி ஹாரன் அதற்குக் கேட்காது.