தயக்கத்துக்கு வாடகை

'டிமர்' என்ற ஆங்கிலச் சொல்லை நாவல் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. நான் அதை வங்கியில் தெரிந்துகொண்டவன். வங்கிகள் கொடுக்கும் உத்தரவாதப் பத்திரத்தை, அதாவது காண்டிராக்டர்கள் 'பி.ஜி.' என்று சொல்வதை, எடுத்துப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில், 'வித்தவுட் டிமர்', இன்ன தொகையைத் தந்துவிடுகிறோம் என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். பத்திரம் வாங்க வருகிறவர்களில் பலர் அந்த இரண்டு வார்த்தைகளை வக்கீல் பாஷையின் ஜிகினா என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். பத்திரத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

நாவலில் வரும் டிமர் சாதுவானது. விருந்தில் ஒருவரைப் பாடச் சொல்கிறார்கள். அவர் டிமர் செய்கிறார். மாட்டேன் என்று வெட்டிச் சொல்லவில்லை, சரி என்று எழுந்திருக்கவும் இல்லை. "அதுக்கில்லீங்க..." என்று இழுக்கிறார். நம் ஊரில் 'அதுக்கில்ல' என்று தொடங்குகிற பேச்செல்லாம் டிமர்தான். வெறும் தயக்கத்துக்கு 'ஹெசிடேட்' போதும். தயக்கத்தோடு ஒரு சின்ன ஆட்சேபமும் சேர்ந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். பக்கத்திலேயே 'டிமியூர்' என்று ஒன்று இருக்கிறது, அடக்க ஒடுக்கமான என்று பொருள். 2024-ல் டிக்‌ஷனரி டாட் காம் அதைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. இளைஞர்களிடம் டிமர் என்றால் அந்த டிமியூரை நினைத்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்கள் இன்னும் டெண்டர் எடுக்கவில்லை.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். தங்குதல், தாமதித்தல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் தாமதம்தான். ஆட்சேபம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய பொருள் எங்கும் போய்விடவில்லை. கூட்ஸ் ஷெட்டிலும் துறைமுகத்திலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஆமாம், 'டெமரேஜ்' இதன் பிள்ளை.

தூத்துக்குடியிலோ சென்னையிலோ கிளியரிங் ஏஜென்டுகளிடம் கேட்டுப் பாருங்கள். டெமரேஜ் என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதி புரட்டுவதில்லை, மணி பார்ப்பார்கள். ரயில்வேயில் சரக்கு இறக்க இவ்வளவு நேரம் இலவசம் என்று கணக்கு. அது தாண்டினால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று ஏறும். இறக்கிய சரக்கை ஷெட்டிலேயே போட்டுவைத்தால் 'வார்ஃபேஜ்' என்று அதற்குத் தனிக் கட்டணம். கப்பலில் இன்னும் கறார். சரக்கு ஏற்றி இறக்கக் குறித்துக்கொடுத்த நேரத்தில் மழை நாளையும் விடுமுறை நாளையும் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் சலுகை இருக்கலாம். அந்த நேரம் தீர்ந்து டெமரேஜ் தொடங்கிவிட்டால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, பிறகு மழையும் கணக்கு, ஞாயிறும் கணக்கு. ஒருமுறை டெமரேஜில் விழுந்தால் விழுந்ததுதான் என்பது கப்பல் தொழிலில் பழைய வழக்கு.

நீதிமன்றத்திலும் இந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆள் இருந்தார், 'டிமரர்' என்று. பிரதிவாதி எழுந்து, "வாதி சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? இதில் வழக்கே இல்லையே" என்று சொல்லும் தடை. உண்மை பொய்யைத் தொடாமல் வழக்கையே மறித்து நிற்பது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் பிராதை மட்டும் படித்துப் பார்த்து நிராகரிக்க வழி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வாடைதான்.

அந்த 'உண்மை என்றே வைத்துக்கொள்வோம்' தொனியை நான் நேரில் கேட்டது ஒரு கிளையில். ஒரு துறை அலுவலகத்திலிருந்து பியூன் வந்து பணம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். பத்திரத்தின் கெடு அன்றோடு முடிகிறது. கடிதத்தில் சீல் வைத்து, தேதியோடு நேரத்தையும் எழுதிக் கொடுத்தோம். மை காய்வதற்குள் காண்டிராக்டர் வந்துவிட்டார், கையில் ஒரு கத்தை போட்டோவோடு. இடத்தையே ஆறு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள், வேலை பிறகு எப்படி முடியும் என்று ஒவ்வொரு படமாக மேஜைமேல் அடுக்கினார்.

"ஒரு நாள் பொறுத்துக்குங்க சார், கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டு வந்துடறேன்."

மேலாளர் படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "நீங்க சொல்றது அத்தனையும் நிஜமாவே இருக்கட்டுங்க. ஆனா நாங்க எழுதிக் குடுத்தது அவங்களுக்கு. உங்க ரெண்டு பேர் சண்டையில நாங்க இல்லை."

எனக்கு அப்போது அது கல்நெஞ்சமாகத்தான் பட்டது. வழக்குகளைப் படித்த பிறகு அந்த நினைப்பு மாறியது. எட்வர்டு ஓவன் என்ற ஆங்கில நிறுவனம் லிபியாவில் பயிர்வளர்ப்புக் கண்ணாடிக் கூடங்கள் அமைக்க ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதத்துக்கு பார்க்லேஸ் வங்கி மூலம் உத்தரவாதம் கொடுத்தது. லிபியத் தரப்பு ஒப்புக்கொண்ட மாதிரி கடன் கடிதம் தரவில்லை என்று நிறுவனம் வேலையிலிருந்து விலகியது. உடனே லிபியத் தரப்பு உத்தரவாதப் பணத்தைக் கேட்டது. பார்த்தால் நியாயம் ஆங்கில நிறுவனத்தின் பக்கம். ஆனாலும் லண்டன் அப்பீல் நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு அமர்வு, வங்கி கொடுத்தே ஆகவேண்டும், வங்கிக்குத் தெரிந்த தெளிவான மோசடி என்றால் மட்டும்தான் விலக்கு என்று சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 1987-ல் உ.பி. கூட்டுறவு ஃபெடரேஷன் வழக்கில் அந்த வழியில்தான் போனது. அப்பட்டமான மோசடி, இல்லை பின்னால் சரிசெய்யவே முடியாத அநீதி, இவை இருந்தாலொழிய நீதிமன்றம் குறுக்கே வராது.

எனக்கும் இது சரி என்றே படுகிறது. வங்கி ஒவ்வொரு முறையும் யார் பக்கம் நியாயம் என்று விசாரணை நடத்தத் தொடங்கினால் அந்தப் பத்திரத்தை எவன் வாங்குவான்? முன்பின் தெரியாத காண்டிராக்டருக்கு அரசு அலுவலகம் துணிந்து வேலை கொடுப்பது, வங்கி தயங்காது என்ற ஒரே நம்பிக்கையில். காண்டிராக்டருக்கு நஷ்டஈட்டு வழக்கு போடும் உரிமை எப்போதும் இருக்கிறது. பணத்தைக் கொடுத்த பிறகு சண்டை போடலாம்.

என் வருத்தம் வேறு இடத்தில். வங்கி தயங்கக்கூடாது என்பதை இவ்வளவு கவனமாக எழுதுகிறோம், பத்திரம் கேட்டு வருகிறவர் தயங்க ஒரு நிமிஷம் கொடுப்பதில்லை. டெண்டர் கடைசித் தேதி நெருங்கிவிடும். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவோம். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

ஆகவே முதல் டெண்டர் எடுக்கப்போகிற தம்பிகளே, தங்கைகளே, அந்த மேஜையில் கொஞ்சம் டிமர் செய்யுங்கள். கெடு தேதி எது, கெடு முடிந்தபின் பணம் கேட்க இன்னும் எத்தனை நாள் அவகாசம், பத்திரத்துக்கு ஈடாக எத்தனை சதவீதப் பணத்தை மார்ஜினாகப் பிடித்துவைக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேலை முடிந்ததும் அசல் பத்திரத்தைத் துறையிலிருந்து திரும்ப வாங்கி வங்கியில் ஒப்படையுங்கள். அது வந்து சேராதவரை உங்கள் மார்ஜின் பணத்தை விடுவிக்க வங்கி அவ்வளவு எளிதில் சம்மதிக்காது.