கால்வாயும் கடையும்



ஒரு நாட்டுக்குத் தன் எல்லைக்கு அப்பாலும் நலன்கள் உண்டு. அதன் வணிகர்கள் அயல்நாடுகளில் கடை வைத்திருப்பர். அதன் கப்பல்கள் பிறர் கரையோரமாகச் செல்லும். அதன் தொழிற்சாலைகள் பிறர் மண்ணிலிருந்து வரும் எண்ணெயை நம்பி இயங்கும். அதன் மக்கள் அங்கே ஊதியத்துக்கு உழைப்பர். இந்நலன்களுக்கு ஆபத்து நேரும்போது, அவற்றைக் காக்கப் படையை அனுப்பலாமா? ஏதேனும் ஒரு தலைமுறையில் கடல் கடந்து பிழைக்கச் சென்றவர் இல்லாத வீடு நம்மிடையே அரிது. ஆதலால் இது ஆட்சியாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம் வீட்டுக் கேள்வியுமாகும்.

'அனுப்பலாம்' என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தன் குடிகளின் உடைமையைப் பிறர் பறிக்கும்போது வேடிக்கை பார்க்கும் அரசு எதற்கு என்று அவர்கள் கேட்கின்றனர். ஒரு முறை பணிந்தால் மறுமுறையும் பணிய நேரும் என்கின்றனர். இவ்வாதத்தை நிறுத்துப் பார்க்க, 1956 ஆம் ஆண்டின் சூயஸ் நிகழ்ச்சியைவிடப் பொருத்தமான தராசு எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17 ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை வெட்டத் தொடங்கியவர்கள், கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட எகிப்தின் ஏழை உழவர்கள். ஆயினும் அதை 99 ஆண்டுகள் நடத்தும் உரிமை பாரிசிலிருந்து இயங்கிய ஒரு கம்பெனியிடம் இருந்தது. கடனில் மூழ்கிய எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா தம் பங்குகளை 1875 இல் விற்க முன்வந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி 40 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கினார். கம்பெனியின் பங்குகளில் ஏறத்தாழ 44 விழுக்காடு இவ்வாறு பிரிட்டனின் உடைமையாயிற்று.

ஏழே ஆண்டுகளில் அந்த உடைமையின் பின்னால் படையும் வந்தது. 1882 இல் அலெக்சாந்திரியா நகரம் கடலிலிருந்து பீரங்கிகளால் தாக்கப்பட்டது. அப்படையெடுப்பில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கால்வாயில் ஒரு பங்கும் இல்லாத நம் ஊர் ஏழை வீட்டுப் பிள்ளைகள், பிறர் பங்குக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள். சில காலமே இருக்கப்போவதாகச் சொல்லி வந்த பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு எகிப்தை விட்டு வெளியேறியது 1956 ஜூனில்தான். 'நலன் காக்க' வந்தவர்கள் 74 ஆண்டுகள் தங்கிவிட்டார்கள்!

அடுத்த மாதமே சூயஸ் சிக்கல் வெடித்தது. அஸ்வான் அணைக்கு நிதி தருவதாகச் சொல்லியிருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் பின்வாங்கின. ஒரு வாரம் கழித்து, 1956 ஜூலை 26 ஆம் நாள், அதிபர் ஜமால் அப்துந் நாஸர் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். பங்குதாரர்களுக்குச் சந்தை விலைப்படி இழப்பீடு உண்டு என்றும் அறிவித்தார். கம்பெனியின் உரிமைக்காலம் முடிய அப்போது எஞ்சியிருந்தவை 12 ஆண்டுகளே.

பிரிட்டனின் அச்சத்தை வெறும் பாசாங்கு என்று சொல்லிவிட முடியாது. மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்ற எண்ணெயில் பெரும்பகுதி அந்தக் கால்வாய் வழியேதான் சென்றது. அந்த வழியைத் திறப்பதும் அடைப்பதும் ஒரு மனிதரின் விருப்பமாகிவிட்டதே என்று பிரதமர் ஈடன் கலங்கினார். எகிப்தியரால் கால்வாயை நடத்த இயலாது என்று பலர் நம்பினார்கள். செப்டம்பர் நடுவில், கப்பல்களைக் கால்வாயினூடே நடத்திச் செல்லும் வெளிநாட்டு வழிகாட்டி மாலுமிகளில் பெரும்பாலோர் வேலையை விட்டு விலகினர். போக்குவரத்து நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை! எகிப்திய மாலுமிகளும் பிற நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் கப்பல்களை வழக்கம்போல் நடத்தினார்கள்.

எனினும் படை புறப்பட்டது. அக்டோபரில் பாரிசுக்கு அருகே செவ்ரு என்னும் இடத்தில் பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளும் இரகசியமாகக் கூடி உடன்பாடு செய்துகொண்டன. 29 ஆம் நாள் இஸ்ரேல் தாக்கியது. 'இரு தரப்பையும் விலக்கிவிட வருகிறோம்' என்று சொல்லிக்கொண்டு மற்ற இருவரும் நுழைந்தனர். எகிப்தின் மீது விமானங்கள் குண்டு வீசின. நவம்பர் 5 ஆம் நாள் துறைமுக நகரமான போர்ட் சயீதில் படைகள் இறங்கின. நூற்றுக்கணக்கான எகிப்தியர் உயிரிழந்தனர். இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருந்திரளான ஆங்கிலேயர் கூடித் தம் அரசின் போரை எதிர்த்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீதியுணர்வு எந்த ஒரு மக்களுக்கும் தனியுரிமையன்று.

விளைவு என்ன? எகிப்து கப்பல்களைக் கால்வாயிலேயே மூழ்கடித்துப் பாதையை அடைத்தது. ஈராக்கிலிருந்து சிரியா வழியே எண்ணெய் கொண்டு சென்ற குழாய்ப்பாதையின் நிலையங்கள் தகர்க்கப்பட்டன. சவூதி அரேபியா பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எண்ணெய் அனுப்ப மறுத்தது. பவுன் நாணயத்தின் மதிப்பு ஆட்டங்கண்டது. அமெரிக்கா கைகொடுக்க மறுத்து, போரை நிறுத்தச் சொன்னது. நவம்பர் 6 நள்ளிரவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அந்த மாத இறுதிக்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் திரும்பிச் சென்றன. 1957 ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். ஏப்ரலில்தான் கால்வாய் மீண்டும் திறந்தது, அதுவும் எகிப்தின் கையில்.

வாசகர்கள் இதை நன்கு சிந்திக்க வேண்டும். நாட்டுடைமையாக்கிய பின் மூன்று மாதங்கள் ஓடிய கால்வாய், அதைக் 'காக்க' வந்த படையின் காரணமாக ஐந்து மாதங்கள் மூடிக் கிடந்தது. பங்குதாரர்களுக்கோ, பேச்சுவார்த்தை வழியே 1958 இல் உடன்பாடு ஏற்பட்டது. 2 கோடியே 83 இலட்சம் எகிப்தியப் பவுனைத் தருவதாக ஒப்புக்கொண்ட எகிப்து, அதன் கடைசித் தவணையை 1963 தொடக்கத்தில் கொடுத்து முடித்தது. குண்டுகள் பெற்றுத் தராததைப் பேச்சு பெற்றுத் தந்தது.

எங்கள் மதரஸாவில் மூத்த மாணவர்களுக்கு ஓய்வு வேளையில் உலக வரலாறும் சொல்வது என் வழக்கம். கல்லூரியில் நான் படித்த பாடம் அது. சூயஸ் கதையைக் கேட்டு முடித்த ஒரு மாணவர், "உஸ்தாத், நாஸர் இழப்பீடு கொடுத்தார், சரி. கொடுக்காத நாடாக இருந்திருந்தால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான விடையை நான் நூல்களில் தேட வேண்டியிருக்கவில்லை. என் உம்மாவைப் பெற்ற நன்னாவின் வாழ்க்கையிலேயே அது இருந்தது.

நன்னா ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். 1964 மார்ச்சில் அங்கே தனியார் கடைகள் நாட்டுடைமையாயின. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. உழைத்துச் சேர்த்ததெல்லாம் இரண்டு அறிவிப்புகளில் போயிற்று. இலட்சக்கணக்கான இந்தியர் அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறினர். இந்திய அரசு பேசிப் பார்த்தது, கப்பல்களை அனுப்பி மக்களை ஏற்றிக்கொண்டது, படையை அனுப்பவில்லை. நன்னா மனைவி மக்களோடு வெறுங்கையாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். கடைக்குரிய இழப்பீடு கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

கல்லூரி மாணவனாக இருந்தபோது, இரத்தம் சூடாக இருந்த வயதில், "நம் அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியிருக்க வேண்டாமா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பட்டாளம் வந்தா கடையைத் திறந்து கொடுக்கும் வாப்பா. சாமான் வாங்க ஆள் வரணுமே? அந்த ஊர்க்காரங்கதானே வாங்கினாங்க. துப்பாக்கியைக் காட்டித் துணி விக்க முடியுமா?"

பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை ஒரு துணி வியாபாரி இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அயல்நாட்டில் நமக்குள்ள நலன் என்பது வெறும் கட்டடமும் சரக்குமன்று. அந்நாட்டு மக்கள் நம்மிடம் வாங்குவதும், நமக்கு விற்பதும், நம்மை அயலாராய் வைத்துப் பழகுவதும்தான் அந்நலன். படை கட்டடத்தைப் பிடிக்கும். பழக்கத்தைப் பிடிக்க அதனால் ஆகாது.

அப்படியானால் அரசு கைகட்டி நிற்க வேண்டுமா? இல்லை. நன்னாவுக்கும் மனக்குறை இருந்தது. ஆனால் அது படை வராததைப் பற்றியதன்று. "வந்து இறங்கினவனுக்குத் தொழில் செய்ய ஒரு இடம் வேணும், அதுக்குத்தான் எத்தனை அலைச்சல்!" என்பார். சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் எழுந்தது அப்படி அலைந்தவர்களின் முயற்சியால்தான். அயல்நாட்டில் இழந்து வந்த குடிமகனைத் தூக்கி நிறுத்துவது அரசின் கடமை. ஒரு போருக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே அதற்குப் போதும்.

உடைமை வேறு, உயிர் வேறு. உயிருக்கு ஆபத்தென்றால் அரசு தன் முழு ஆற்றலையும் காட்ட வேண்டும். 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது, அங்கே சிக்கிய இந்தியருள் நம் வீட்டுப் பிள்ளைகளும் பலர் இருந்தனர். இந்திய அரசு பாக்தாதுடன் பேசி, பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் நகர் வழியே, ஏறத்தாழ 500 விமானப் பயணங்களில் 1,70,000 பேரை அழைத்து வந்தது. அதற்குப் போர் தொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கடற்கொள்ளையும் வேறு. சோமாலியக் கரைக்கு அப்பால் கொள்ளையர் கப்பல்களைக் கடத்தியபோது, 2008 முதல் இந்தியா உட்படப் பல நாட்டுக் கடற்படைகள் காவலுக்குச் சென்றன. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானமும் சோமாலிய இடைக்கால அரசின் இசைவும் அம்முயற்சிக்கு இருந்தன. கொள்ளையனைப் பிடிப்பது காவல்; ஓர் இறையாண்மை நாட்டின் முடிவைத் துப்பாக்கி முனையில் மாற்றுவது ஆக்கிரமிப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டும்போதுதான் மக்கள் ஏமாறுகின்றனர்.

ஆகவே வாசகர்களே, 'நம் நாட்டின் நலனைக் காக்கப் படை செல்கிறது' என்று எந்த நாடு, நம் நாடே ஆயினும், அறிவித்தாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். காக்கப்படுவது உயிரா, உடைமையா? எதிரில் நிற்பவன் கொள்ளையனா, தன் மண்ணில் வாழும் குடிமகனா? அந்த உடைமையில் பங்கு யாருக்கு, அதற்காகச் சாகப் போவது யார் வீட்டுப் பிள்ளை? 1882 இல் எகிப்துக்குக் கப்பலேறிய சென்னைச் சிப்பாயிடம் இவற்றை யாரும் கேட்கவுமில்லை. கேட்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. வாக்குச்சீட்டு வைத்திருக்கும் நமக்கு அந்த உரிமை உண்டு.